கல் வளர்ந்த சுரங்கம்

சாத்தங்குறிச்சியில் கல் தீர்ந்துபோன வருஷம், கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறக்கவே இல்லை. சிமென்ட் ஆலையின் புகைபோக்கி நாள் முழுக்கச் சும்மா நின்றது. ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஊரைவிடப் பெரிய குழியாக, அடியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எடுப்பதற்கு அதில் களிமண்தான் மிச்சம். டிப்பர் லாரிகள் சாலையோரப் புளியமரங்களுக்கு அடியில் வரிசையாக நின்றன. அவற்றின் நிழலில் டிரைவர்கள் அதிகம் பேசாமல் சீட்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தமயந்தி ஊருக்கு வந்தாள். மண்டபத்துப் பக்கம் கடலோரத்தில் பிறந்து, பவளப்பூச்சிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். பவளப்பூச்சி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சித் தனக்குக் கல்வீடு கட்டிக்கொள்கிறது. அதே வேலையை நல்ல தண்ணீரில், அதைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்யும் ஒரு நுண்ணுயிரை உருவாக்க முடியுமா என்று ஆலை நிர்வாகம் கேட்டிருந்தது. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அவள் அதைச் செய்து காட்டிவிட்டாள். இனி சுரங்கத்துக்குள் செய்ய வேண்டும்.

அவளுக்கு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது சவரிமுத்துவின் வீட்டில். சவரிமுத்து டிப்பர் ஓட்டுபவர். லாரிக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். மனைவி லூர்து வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "கோழி இருக்குல்ல, போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

வந்த மறுநாளே சவரிமுத்து மாடிப்படியில் நின்றபடி கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. கல்லு வளரும்னு சொல்றாங்களே, அது என்ன செடியா?"

"நத்தையைப் பாத்திருக்கீங்கல்ல அண்ணே? முதுகுல இருக்கிற ஓடு எப்படிப் பெருசாகுது?"

"அது தின்னுட்டு வளருது."

"அதேதான். திங்கிறதுலேருந்து சுண்ணாம்பைப் பிரிச்சு எடுத்துத் தானே கட்டிக்குது. நான் கொண்டாந்திருக்கிற பூச்சியும் அதைத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது. இந்த ஊர்த் தண்ணியில சுண்ணாம்பு நெறையக் கரைஞ்சிருக்கு. ஆலைப் புகையையும் குழாய் வழியா மைன்ஸ் தண்ணிக்குள்ள விட்டோம்னா, பூச்சி ரெண்டையும் சேத்துக் கல்லாக் கட்டிரும்."

"பொகையைக் கல்லாக்குமா?"

"ஆமா."

சவரிமுத்து சிரிப்பாரென்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. புளியமரங்கள் இருந்த திசையைப் பார்த்தார்.

"அப்ப வண்டி ஓடும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பூச்சியைச் சுரங்கத்தில் விட்டார்கள். ஆலையில் கொஞ்சம் நிலக்கரியை எரித்து, அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தினார்கள். சில வாரங்களில் தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. முதலில் அரிசி கழுவிய தண்ணீர்போல, பிறகு பால்போல. காலை வெயில் படும்போது குழியிலிருந்து வெண்மையான ஒளி எழும்பி ஊர்ச் சுவர்களில் மெல்ல அசைந்தது. சர்ச் கோபுரமும் ஆலையின் பெரிய உருளைகளும் தண்ணீருக்கு அடியில் நிற்பவைபோலத் தெரிந்தன. தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது, அடியில் களிமண்ணைக் காணோம். படிப்படியாக, விசிறி விசிறியாக, ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, புதுக் கல் விளைந்து கிடந்தது. அதன்மேல் வெறுங்காலோடு நின்ற சவரிமுத்து, கோயிலுக்குள் நிற்பவரைப்போலக் கைகட்டிக்கொண்டார்.

புகைபோக்கி மறுபடியும் புகைந்தது. லாரிகள் ஓடின. மூடிய கடைகள் திறந்தன. சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைதேடிப் போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். சுரங்கத்தின் விளிம்பில் மாலையில் ஜனங்கள் கூடி, அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் பலருக்கும் ஒரே மாதிரிக் கனவு வந்தது. "தண்ணிக்குள்ள நடக்குறேன், காலு தரையில படவே இல்ல. ஆனா பயமில்ல" என்று லூர்து சொன்னாள். கடலையே பார்த்திராதவள் கடலுக்கு அடியில் இருக்கும் வெளிச்சத்தைச் சரியாகச் சொன்னதைக் கேட்டுத் தமயந்திக்கு வியப்பாக இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஊர்த் தண்ணீர் மிருதுவானது. சோப்பு நுரை பொங்கியது. பருப்பு சட்டென்று வெந்தது. வெந்நீர்ப் பானைகளில் காலங்காலமாகப் படிந்திருந்த வெள்ளை உப்பு தானாகவே உதிர்ந்தது. பெண்கள் தலைமுடி பட்டாகிவிட்டதென்று ஒருவருக்கொருவர் தொட்டுக் காட்டினார்கள். அது என்ன என்று தமயந்தி யோசித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவளும் சந்தோஷமாக இருந்தாள்.

லூர்து கர்ப்பமானது அப்போதுதான். சவரிமுத்து அந்தச் செய்தியை ஊரில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு மல்லிகைச்சரம் கட்டினார், தினமும்.

ஆலையின் பொது மேலாளர் ரகோத்தமன் நல்ல மனிதர்தான். வேலையாட்களின் பெயர் தெரிந்து பேசுபவர். கல் நன்றாக விளைவதைப் பார்த்து, ஆலையின் இரண்டாவது உலையையும் பற்றவைத்தார். அதற்குக் கல் போதவில்லை. விளைந்த படுகையைக் கொஞ்ச காலம் ஆறவிட்டு வெட்ட வேண்டும் என்பது தமயந்தி வைத்த விதி. ரகோத்தமன் அதைப் பாதியாகக் குறைத்தார். பிறகு ஆறவிடுவதையே நிறுத்தினார்.

"வளரத்தானே செய்யுது தமயந்தி? எடுக்க எடுக்க இன்னும் வேகமா வளருது. நீங்களே பாக்குறீங்களே."

அது உண்மைதான். எடுக்க எடுக்க வேகமாக வளர்ந்தது. அந்தச் சுண்ணாம்பெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் கோழிக்கூட்டிலிருந்து வந்தது.

ஒருநாள் காலை லூர்து மாடியேறி வந்தாள். முந்தானையில் எதையோ ஏந்தியிருந்தாள்.

"தமயந்தி, இதக் கொஞ்சம் பாரேன்."

முட்டைகள். ஆனால் ஓடில்லை. மெல்லிய தோலுக்குள் மஞ்சள்கரு நிழலாகத் தெரிந்தது. ஒன்றைத் தமயந்தி உள்ளங்கையில் வாங்கினாள். அது தண்ணீர்ப்பைபோலத் துவண்டு, விரல்களின் வளைவுக்கு ஏற்ப உட்கார்ந்துகொண்டது.

"எத்தனை நாளா இப்படிக்கா?"

"இந்த வாரம் பூரா. எங்க வீட்டுல மட்டுமில்ல, தெருவுலயே எல்லாக் கோழியும் இப்படித்தான் இடுது." லூர்து கொஞ்சம் தயங்கினாள். "எனக்கும் கடைவாப்பல்லு ஆடுது. மாசமா இருந்தா அப்படித்தான் ஆடும்னு சொல்றாங்க."

தமயந்தி அன்றே தெருக் குழாய்த் தண்ணீரையும், வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் போய்ச் சோதித்தாள். எல்லாவற்றிலும் அவளுடைய பூச்சி இருந்தது. தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து அறவே இல்லை. கடைசியாக, கேட்டு வாங்கிய லூர்துவின் எச்சிலையும் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். அதிலும் அவை நீந்திக்கொண்டிருந்தன.

சாயங்காலம் லூர்துவையும் சவரிமுத்துவையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"பூச்சிக்குத் தான் கட்டுன கல்லுமேல இருந்தாத்தான் நிம்மதி. அங்கேயே ஒண்டிக்கிட்டு இருக்கும். நாம கட்டக் கட்ட வெட்டி எடுத்துட்டுப் போறோம். அதுக்கு இருக்க எடமில்ல, கட்டுறதுக்குச் சுண்ணாம்பும் பத்தல. அதனால பாறை வெடிப்பு வழியாக் கிளம்பிக் கிணத்துக்கு வந்திருச்சு. கிணத்துலேருந்து நம்ம வயித்துக்கு."

"வயித்துக்குள்ள என்ன பண்ணும்?" என்று கேட்டார் சவரிமுத்து.

"நாம சாப்பிடுற சுண்ணாம்புச்சத்தை அது எடுத்துக்கும். நமக்கு மிஞ்சாது. எலும்பும் பல்லும் கரையும்."

லூர்துவின் கை தானாக வயிற்றின்மேல் போனது. "புள்ளைக்கு?"

"தெரியலக்கா" என்றாள் தமயந்தி.

"கொல்ல முடியாதா?"

"கொல்லத் தேவையில்ல. மைன்ஸை வெட்டாம விட்டாப் போதும். கல்லு நெறைய இருந்தா எல்லாம் அங்கேயே திரும்பிப் போயிரும். தொட்டியில பாத்திருக்கேன். ஆனா கொஞ்ச நாளைக்கு இல்ல, ரொம்ப காலத்துக்கு விடணும்."

சவரிமுத்து எழுந்து வாசலுக்குப் போனார். மல்லிகைச்சரம் தொங்கிய லாரியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அந்த வண்டியும் அதுபோன்ற நூற்றுக்கணக்கான வண்டிகளும் மறுபடியும் புளியமரத்தடிக்குப் போக வேண்டும் என்றுதான் அவள் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"ஊரு இப்பத்தான் மூச்சு விடுது மேடம்" என்றார்.

ரகோத்தமன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முட்டையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். வீட்டுக்கு வீடு கால்சியம் மாத்திரை கொடுக்க அன்றே ஏற்பாடு செய்தார்.

"மாத்திரை பூச்சிக்குத்தான் சார் தீனி" என்றாள் தமயந்தி. "நமக்குச் சேராது."

"ரெண்டு உலை எரியுது தமயந்தி. அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்றது சுலபம்." அவர் குரலில் கோபமில்லை. "நிறுத்தின ஊரை நீங்க வந்தப்போ பாத்தீங்களே. மறுபடி அப்படிப் பாக்கணுமா?"

லாரிக்காரர்கள் சங்கக் கூட்டத்திலும் அவள் பேசிப் பார்த்தாள். ஒருவர் எழுந்து, "பல்லு ஆடுதுன்னா பிடுங்கிக்கலாம் மேடம், அடுப்பு அணைஞ்சா என்ன பண்றது?" என்று கேட்டார். கைதட்டினார்கள். செயலாளர் நாற்காலியில் இருந்த சவரிமுத்து தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை வழக்கம்போல வண்டியை எடுத்தார்.

லூர்துவின் கை உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கீழே விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், மணிக்கட்டு முறிந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதைப்போல லேசாக இருந்ததாம். தமயந்தி துணியால் கையைக் கட்டி, ஆலையின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சுரங்கத்தின் விளிம்பில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள் லூர்து.

"அவர்கிட்ட சொல்லிட்டுப் போவோம்."

சுரங்கத்திலிருந்து மேலேறி வர ஒரே ஒரு பாதைதான். சவரிமுத்துவின் டிப்பர் கல்லைச் சுமந்துகொண்டு அதில் ஏறி வந்தது. பின்னால் வரிசையாக மற்ற வண்டிகள். விளிம்பில் நின்ற மனைவியையும் அவளுடைய கட்டுப்போட்ட கையையும் பார்த்தார். வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து அந்தக் கையைத் தொடாமல் பக்கத்தில் நின்றார்.

"எப்படி ஆச்சு?"

"கொடத்தைத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"கொடத்தையா?"

"ஆமாங்க. அரைக் கொடம்தான்."

அவர் திரும்பிப் போனார். வண்டியில் ஏறி, அதை முன்னும் பின்னும் அசைத்துப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. டிரைவர்கள் கத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். கூட்டத்தில் அடுப்பைப் பற்றிக் கேட்டவர்தான் முதல் ஆள், பெயர் அந்தோணிராஜ்.

"என்ன செயலாளரே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"பின்ன எடுங்க."

"எடுக்கல அந்தோணி. என் வீட்டுல அரைக் கொடம் தண்ணியத் தூக்குனதுக்குக் கை ஒடிஞ்சுபோச்சு. உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னா, என்னை அடிச்சுப் போட்டுட்டு வண்டிய நகத்திட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அந்தோணிராஜ் பதில் சொல்ல வாய் திறந்தார். அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதமாகப் படுக்கையில் கிடப்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வயசான காலத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு தன் வண்டிக்குத் திரும்பி நடந்தார். அந்த என்ஜினும் நின்றது. பிறகு அதற்குப் பின்னால் இருந்தது. பிறகு அதற்கும் பின்னால். கடைசியாகக் கீழே தண்ணீரோரம் நின்ற பொக்லைனும் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மழை விட்டபின் மரங்களிலிருந்து சொட்டும் நீரைப்போல, அதைவிடச் சன்னமாக, குழி முழுவதிலும் இருந்து எழும்பியது. கல் வளரும் சத்தம். இத்தனை நாள் அது லாரிகளின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போயிருந்தது. வெயில் அந்த வெண்மையின்மேல் விழுந்து எல்லோருடைய முகத்திலும் அலையாடியது. லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று தமயந்தி நினைத்தாள்.

"உள்ள அசையுது" என்றாள் லூர்து, கண் திறக்காமல்.

வண்டிகள் அதற்குப் பிறகு சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. மிரட்டல் இருந்தது, பேச்சுவார்த்தை இருந்தது, ஒருமுறை போலீஸ்கூட வந்தது. ரகோத்தமன் கோடைவரை பொறுத்துப் பார்த்துவிட்டு உலைகளை அணைத்தார். புகை நின்றாலும் பூச்சிகள் நிற்கவில்லை. மழைத்தண்ணீரில் கரைந்து வரும் காற்றை வைத்து, முன்னைவிட மெதுவாகக் கட்டிக்கொண்டே இருந்தன. பிறகு ஆலை, தமயந்தியின் கண்ணாடித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனது. அவளையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. அதே மாடியறையில் இருந்துகொண்டாள்.

ஊர் மறுபடி மெலிந்தது. சிலர் மறுபடி திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அந்தோணிராஜ் தன் வண்டியை ஜல்லி அடிக்கக் கரூர்ப் பக்கம் கொண்டுபோனார். போகும்போது சவரிமுத்துவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சவரிமுத்துவுக்கு வைக்கோல் பாரமும் செங்கல் நடையும் அவ்வப்போது கிடைத்தன. தான் செய்தது சரியா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. லூர்து கேட்டால் மட்டும், "உன் கையைப் பாத்தேன், வண்டி நின்னுருச்சு. அவ்வளவுதான்" என்பார்.

உலைகள் அணைவதற்கு முன்பே, மாசி மாதத்தில் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. தூக்கிய நர்ஸ், கனத்தைப் பார்த்துக் கையை மாற்றிக்கொண்டாள். கீழ் ஈறில் இரண்டு பற்கள், முளைத்து வெளுத்து, பிறக்கும்போதே இருந்தன. அக்கம்பக்கத்தில் சிலர் அதை நல்லதல்ல என்றார்கள். லூர்து காதில் வாங்கவில்லை. பவுலின் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் பிறந்தன. அம்மாக்கள் ஒட்டி உலர்ந்திருக்க, பிள்ளைகள் கல்போல உறுதியாக.

அம்மாக்கள் தேறினார்கள். தண்ணீரில் சோப்பு மறுபடி நுரைக்க மறுத்தது, பானைகளில் வெள்ளை உப்பு மறுபடி படிந்தது. லூர்து அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். கிணற்றுத் தண்ணீரில் தமயந்தி எவ்வளவு தேடியும் பூச்சி கிடைக்கவில்லை. எல்லாம் சுரங்கத்துக்குத் திரும்பியிருந்தன. அங்கே கல் வருஷா வருஷம் ஏறி, குழியை நிரப்பி, தரைமட்டத்துக்கு வந்து, தண்ணீரில்லாத வெயிலில் வெளுத்துக் காய்ந்தது. காய்ந்த கல்லில் பூச்சிகள் செத்தன. இப்போது அங்கே வெள்ளை மைதானம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடினார்கள். அவர்கள் ஓடும்போது கீழே நிழல் விழாததுபோல, மேகத்தின்மேல் ஓடுவதுபோல இருந்தது.

பவுலினுக்கு ஐந்து வயது நடக்கும்போது ரகோத்தமன் வந்தார். முடி நரைத்திருந்தது. வெள்ளை மைதானத்தின் ஓரத்தில், கல்லூரி விட்டு வந்த தமயந்தியோடு நின்று பேசினார். பக்கத்தில் பவுலின் ஒரு கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

"உங்க தொட்டியெல்லாம் வீணாப் போச்சு தமயந்தி" என்றார். "பூச்சி உயிரோடதான் இருந்துச்சு. ஆனா தலைமுறை தலைமுறையாத் தொட்டியிலேயே கெடந்து, கல் கட்டறதையே மறந்துருச்சு. கடைசியில அதுவும் செத்துப்போச்சு. அங்கே ஒரு ஊரு இருக்கு. குழி தோண்டி முடிச்சாச்சு. லாரியெல்லாம் ரோட்டோரமா நிக்குது. அவங்க முகத்தைப் பாக்க முடியல."

"ம்."

"இந்தத் தடவை நீங்க சொல்ற மாதிரியே, ஆறவிட்டு வெட்டுவோம். நான் எழுதியே தர்றேன். ஒரு சொட்டு போதும். ஒரே ஒரு சொட்டு. இங்கே எங்கேயாவது உயிரோட இருக்கா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று தமயந்திக்குத் தெரிந்தது. முதல் தடவையும் அவர் பொய் சொன்னதில்லை. கல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பவுலின் பழத்தைத் தின்று முடித்து, மிச்சமிருந்த விதைகளைக் கடித்தாள். விதைகள் நொறுங்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. ரகோத்தமன் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

"நல்ல பல்லு" என்று சிரித்தார்.

"இல்ல சார்" என்றாள் தமயந்தி. "நான் எல்லா எடத்துலயும் தேடிப் பாத்துட்டேன். எதுவும் உயிரோட இல்ல."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு, வெள்ளைக் கல்லின் குறுக்கே நடந்து காருக்குப் போனார்.

ஆராய்ச்சியில் தமயந்தி சொன்ன முதல் பொய் அது. பவுலினுடைய எச்சிலை அவள் ஒவ்வொரு வருஷமும் சோதித்து வந்தாள். அதில் அவை இருந்தன. அந்த வருஷம் பிறந்த எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தன. இந்தப் பிள்ளைகளிடம் அவை எதையும் திருடவில்லை. தாய்மார்களின் உடம்பில் எடுத்ததைப் பிள்ளைகளின் உடம்பில் கொண்டுபோய்க் கட்டின. அதுதான் தங்கள் கல் என்று நினைத்துவிட்டவைபோல, அங்கேயே தங்கிவிட்டன. உலகத்தில் வேறெங்கும் அவை இல்லை. தமயந்திக்கும் லூர்துவுக்கும் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது.

லூர்து வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

"அந்த ஊரு பெருசா?" என்று கேட்டாள்.

"நம்ம ஊர் அளவுதான் இருக்கும்க்கா."

லூர்து குழந்தையைத் தன் பக்கம் திருப்பி, முந்தானை நுனியால் அவள் வாயோரத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அந்த நுனியை உள்ளங்கைக்குள் மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.